மிஸ்ட் ரூமில் தொட்டில்

பிப்ரவரி 15, சனி

தினமும் எழுத வேண்டுமாம். என்ன வேலை பார்த்தோம், தண்ணீர் எங்கே போனது, மனதில் என்ன ஓடியது, எல்லாவற்றையும். பீர்முகமது சார் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம். அது ஒன்றுதான் இன்று காதில் விழுந்த நல்ல செய்தி.

வகுப்புக்குப் பெயர் ‘வறண்ட நிலத்தில் நாற்றுப்பண்ணையும் தோட்ட அமைப்பும்’. பத்து சனிக்கிழமைகள். சாத்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பயிற்சி மையத்துக்குப் போய்விடலாம். வந்திருப்பவர்கள் எல்லாம் நர்சரி வைத்திருப்பவர்கள், பங்களாக்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுப்பவர்கள். பெண்கள் மூன்று பேர். அதில் பத்தாவதோடு நின்றவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

கடைசி வகுப்பு முடிந்ததும் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. நம் நர்சரியைப் படமாக வரைந்து மாட்டி, மூன்று பேர் முன்னால் நின்று விளக்க வேண்டும். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தில் பெயரைச் சொல்லவே இவரை முன்னால் தள்ளிவிடுகிறவள் நான்.

ஆனால் சான்றிதழ் வேண்டும். நான்குவழிச் சாலையில் புதிதாகக் கட்டும் காலேஜுக்குத் தோட்டம் போடுகிற வேலையை, படித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்குத்தான் தருவார்களாம். அது கிடைத்தால் எங்கள் வடிவு நர்சரி பிழைக்கும். கிடைக்காவிட்டால் இவர் செடி ஏற்றுகிற வண்டியில் வேறு யாருக்காவது செங்கல் ஏற்றப் போக வேண்டியதுதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

போர்வெல் மோட்டார் இன்று முக்கால் மணி நேரம்தான் ஓடியது. காகிதப்பூ எல்லாம் நன்றாக இருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி.

பிப்ரவரி 22, சனி

புல்தரைக்கு ஆசைப்படாதீர்கள் என்பதுதான் இன்றைய பாடம். கரிசல் காட்டில் பச்சைப் புல் கேட்கிற வாடிக்கையாளரை எப்படி மனம் மாற்றுவது என்று ஒரு மணி நேரம் சொன்னார். சங்கரன்கோவிலிலிருந்து வருகிற கோமதிநாயகம் அண்ணாச்சி எழுந்து, “சார், புல்லு கேக்குறவன்ட்ட வேம்பு வைன்னு சொன்னா அவன் அடுத்த கடைக்குப் போயிருவான் சார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எப்படித்தான் இவர்களுக்கெல்லாம் வாய் வருகிறதோ. சார் என்னைப் பார்த்து ஏதோ கேட்க வந்தார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

மார்ச் 1, சனி

இன்று நல்ல பாடம். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் பாதி, செடி வைத்த பிளாஸ்டிக் கவரின் அடியில் வழிந்து வீணாகப் போகிறது. பாத்தியில் தார்ப்பாய் விரித்து, வாட்டம் கொடுத்து, வாய்க்கால் பிடித்து, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்தால் திரும்பப் பயன்படுத்தலாம். படம் போட்டுக் காட்டினார். இத்தனை வருஷமும் எவ்வளவு தண்ணீரைத் தரைக்குத் தாரை வார்த்திருக்கிறேன் என்று நினைத்ததும் வயிறு எரிந்தது.

மதியம் இதன் தொடர்ச்சி இருந்தது. ராஜபாளையத்து ஆட்கள் தென்னங்கன்று ஏற்ற வருவதாகச் சொல்லியிருந்ததால் நான் பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். முக்கியமானதைத்தான் காலையிலேயே சொல்லிவிட்டாரே.

மார்ச் 5, புதன்

தொட்டி தயார்! பழைய தார்ப்பாய், பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் சிமெண்ட். வேலையை முடித்தது நானும் நர்சரியில் வேலை பார்க்கிற மாடத்தியும்தான். இவர் வண்டியில் சாய்ந்துகொண்டு, “ஆழம் தெரியாம கால விடாத வடிவு” என்றார். சாயங்காலம் தொட்டி பாதி நிறைந்து நின்றதைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தண்ணீரை மிஸ்ட் ரூமுக்குத் திருப்பிவிட்டேன். பிளாஸ்டிக் தாள் மூடிய நீளக் கூடாரம் அது. சார் அதைப் பனிமூட்ட அறை என்பார். ஊன்றிய குச்சிகள் வேர் பிடிக்கும்வரை உள்ளே காய்ந்துபோகாமல் இருக்க, மேலே இருக்கும் நாசில்கள் சிறிது நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் புகைபோலப் பீய்ச்சும். இனி போர் தண்ணீர் முழுவதும் வெளியே இருக்கிற செடிகளுக்கே.

மாடத்தி தன் பெண்ணின் தொட்டிலை மிஸ்ட் ரூம் வாசலுக்கு உள்ளே கம்பியில் கட்டிக்கொண்டாள். எட்டு மாதக் குழந்தை. கிருத்திஷா என்று பெயர். எனக்கு வாயில் நுழையாது, குட்டி என்பேன். இந்த வெயிலில் ஏசி போட்ட மாதிரி அங்கே ஒரு இடம்தானே இருக்கிறது. நானே சொன்னேன், உள்ளே கட்டு என்று.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கவர்களில் வேருக்கு மருந்து ஊற்றினோம். மாவுப்பூச்சியும் வேர்ப்புழுவும் இந்த வருஷம் விடுவதாயில்லை. போன தடவை பூச்சிமருந்துக் கடைக்காரர் மூடி அளவைக் கூட்டச் சொல்லியிருந்தார். கூட்டிவிட்டேன். மாடத்திக்கு முந்தானையை மூக்கில் கட்டச் சொன்னேன்.

மார்ச் 12, புதன்

மதியம் சாப்பிட்டதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மிஸ்ட் ரூமுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வெளியே தலை வெடிக்கிறது, உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. முகத்தில் பனி விழ விழப் படிப்பது ஒரு சுகம். ஒரு பக்கம் நான் முணுமுணுக்க, இன்னொரு பக்கம் தொட்டிலில் குட்டி தனக்குத் தெரிந்த பாடத்தைப் படிக்கிறாள்.

ஆனால் படிக்கப் படிக்கப் பயம் ஏறுகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்தும் வியர்வை.

மார்ச் 14, வெள்ளி

மருந்து ஊற்றியாயிற்று. பயம்.

மார்ச் 15, சனி

ஆச்சரியமாக இருக்கிறது. வகுப்பில் பயமே இல்லை. சார் கேள்வி கேட்டபோது கையைத் தூக்கக்கூடப் பார்த்தேன், தூக்கவில்லை, ஆனால் பார்த்தேன். நர்சரிக்கு வந்து மறுபடி மிஸ்ட் ரூமில் புத்தகத்தோடு உட்கார்ந்ததும்தான் பிடித்துக்கொண்டது. இவரிடம் சொன்னேன். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 19, புதன்

தொட்டித் தண்ணீரில் ஒரு கொசுப்புழுகூட இல்லை. மிஸ்ட் ரூமில் எந்நேரமும் கத்திக்கொண்டிருந்த தவளைகளும் எங்கோ போய்விட்டன. இந்த வருஷம் கொசுத்தொல்லை இல்லாமல் குட்டி நிம்மதியாகத் தூங்குகிறாள். உள்ளே லேசாகப் பூண்டு வாடை. மாடத்தியின் தூக்குவாளி ஊறுகாய்தான், மூடியை ஒழுங்காக மூட மாட்டாள். கேட்டால் இன்று ஊறுகாயே கொண்டுவரவில்லை என்று சாதிக்கிறாள்.

குட்டிக்குப் பல் முளைக்கிறது போல. எச்சில் வடிந்து சட்டை நனைந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

செம்பருத்திக்கு ஒட்டுக் கட்ட உட்கார்ந்தேன். கை நடுங்கி பிளாஸ்டிக் நாடாவைச் சுற்ற முடியவில்லை. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற ஒட்டு. மாடத்தி வாங்கிக் கட்டினாள். அவளுக்கும் தலைவலியாம். வெயில்.

மார்ச் 22, சனி

கரும்பலகை மங்கலாகத் தெரிந்ததால் கண்ணாடிக் கடைக்குப் போனேன். நாற்பத்தாறு வயதுக்கு வெள்ளெழுத்துதான் என்றார் கடைக்காரர். கண்ணாடி செய்யக் கொடுத்திருக்கிறேன். தேர்வன்று கண்ணாடி போட்டால் படித்தவள் போல இருக்கும். இந்த ஒரு யோசனை மட்டும் இன்று கொஞ்சம் சிரிப்பைத் தந்தது.

இன்னும் நான்கு வகுப்புகள்தான்.

மார்ச் 24, திங்கள்

வாயெல்லாம் தண்ணீர் ஊறுகிறது, குமட்டுகிறது. வயிற்றைப் பிசைகிறது. தேர்வு நினைப்பு வந்தாலே இப்படி. சின்ன வயதில் கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள்கூட இவ்வளவு இல்லை. அப்போது நான் பெயிலானதே ஊருக்குத் தெரிந்த விஷயம், பயப்பட என்ன இருந்தது. இப்போது பெயிலானால் கடை போகும், மாடத்தியின் பிழைப்பும் போகும். புருஷன் விட்டுப்போன பிறகு அவளுக்கு இந்த வேலை ஒன்றுதான்.

புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. யாரோ பின்னால் நிற்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் குச்சிகள்தான் வரிசையாக நின்றன.

மார்ச் 27, வியாழன்

உப்புப் படிந்து நாசில்கள் எல்லாம் அடைத்துக்கொண்டன. நேற்றும் இன்றும் மிஸ்ட் இல்லை. மாடத்தி பூவாளியில் போர் தண்ணீர் பிடித்துக் குச்சிகளுக்குத் தெளிக்கிறாள். மதுரையிலிருந்து புது நாசில் வர வேண்டும்.

இன்று மனது லேசாக இருக்கிறது. இவரை நாற்காலியில் உட்கார வைத்து, அட்டையில் வரைந்த படத்தைச் சுவரில் சாய்த்து, நின்றபடி விளக்கினேன். தொட்டி எங்கே, குழாய் எங்கே, எவ்வளவு தண்ணீர் மிச்சம், எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. “ஏ வடிவு, நீதானா இது” என்றார். குட்டியும் ரெண்டு நாளாக ஒரே சிரிப்பு. தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்து எழுந்து நின்றாள்.

பயத்தைத் தாண்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

புது நாசில் மாட்டியாயிற்று. முன்பைவிடப் பொடியாக, மேகம் மாதிரி பீய்ச்சுகிறது. வேருக்கு மருந்தும் ஊற்றியாயிற்று.

மார்ச் 31, திங்கள்

தாண்டவில்லை. மறுபடி அதே படபடப்பு, முன்பைவிட அதிகம். கண் இமை தானாகத் துடிக்கிறது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. என்னால் முடியாது, வகுப்பை விட்டுவிடுகிறேன் என்று இவரிடம் அழுதேன். இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவர் பயந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஏப்ரல் 3, வியாழன்

குட்டிக்கு ரெண்டு நாளாக வயிற்றுப்போக்கு. பால் குடிக்கவும் தெம்பில்லாமல் சவண்டு கிடக்கிறாள். மருந்துக்கடையில் பல் முளைக்கும்போது வருவதுதான் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அன்று எழுந்து நின்றாளே, அதற்கு என் கண்ணே பட்டிருக்கும் என்று தோன்றியது. உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். கமறவே இல்லை. அவ்வளவு திருஷ்டி.

வெளியே அனல் காற்று. மிஸ்ட் ரூமை விட்டு வெளியே கொண்டு போகாதே என்று மாடத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையை வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காலையில் பூச்சிமருந்துப் பாதுகாப்பு வகுப்பு. எனக்குத் தெரிந்த சங்கதிதானே என்று பாதிக் காதோடு கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்து உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று சார் சொல்லிக்கொண்டே போனார். வாயில் எச்சில் ஊறும். வியர்க்கும். கண்ணின் கருமணி கடுகுபோலச் சுருங்கும், பார்வை மங்கும். கை நடுங்கும். வயிற்றால் போகும். நான் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தவள், பேனாவை வைத்துவிட்டேன்.

எழுந்து நின்றேன். எட்டு வாரத்தில் அந்த வகுப்பில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“சார், பயம் வருமா?”

“வரும்மா. காரணமே இல்லாம நெஞ்சு அடிச்சுக்கிட்டு, யாரோ துரத்துற மாதிரி இருக்கும். நரம்பைத் தாக்குற மருந்து இல்லையா.”

“மருந்து ஊத்துன கவர்ல இருந்து வழியிற தண்ணிய மிஸ்ட்டுக்கு விட்டா?”

சார் முகம் மாறிவிட்டது. “அன்னைக்கு மத்தியானம் பூரா அதைத்தானே சொன்னேன். மருந்து ஊத்துன தண்ணிய அப்படியே திருப்பக் கூடாது, மிஸ்ட்டுக்கு விடவே கூடாதுன்னு. யாரும்மா அதுல இருக்காங்க?”

மாடத்திக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. போனைத் தூக்குவாளிப் பையில் போட்டுவிட்டுத்தான் வேலை பார்ப்பாள். இவர் வண்டியோடு சிவகாசியில் இருந்தார். கடைசியில் நர்சரிக்கு எதிரே இருக்கும் டீக்கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். குழந்தையை வெளியே தூக்குங்கள், காரணம் கேட்காதீர்கள் என்று கத்தினேன். அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். போன் காதிலேயே இருந்திருக்கிறது. அவர் மூச்சு வாங்குவது கேட்டது, பிளாஸ்டிக் தாளை விலக்குவது கேட்டது. பிறகு அவர், “ஏய் பிள்ள முழிக்க மாட்டேங்குதே” என்றது கேட்டது.

சார் தன் காரிலேயே என்னை இங்கே கொண்டுவந்து விட்டார். ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. டாக்டரம்மா குட்டியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே ஊசி. கொஞ்ச நேரம் பார்ப்பதும் மறுபடி ஊசி போடுவதுமாக இருக்கிறார்கள். மாடத்தி அழவில்லை. குழந்தையின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

டாக்டரம்மா மருந்து எப்படி உள்ளே போனது என்று கேட்டார். மாடத்தி என்னைப் பார்த்தாள். நான் மருந்துப் பாட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கண் திறந்தாள். என்னையும் பரிசோதித்து ரத்தம் எடுத்தார்கள். எழுத வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

குட்டி பால் குடிக்கிறாள். இவர் தொட்டியை உடைத்து, தண்ணீரைக் கண்காணாத கட்டாந்தரையில் குழி தோண்டி ஊற்றிவிட்டு வந்தார். மிஸ்ட் ரூமைக் கழுவி, தாளை மாற்றி, போர் தண்ணீரையே திருப்பிவிட்டோம். இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். “வாய மூடிக்கிட்டு இரு. பிள்ளதான் பிழைச்சிருச்சுல்ல” என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஊரெல்லாம் என்னைப் புகழ்கிறது. வடிவக்கா படிக்கப் போனதால்தான் குழந்தை பிழைத்தது, தக்க நேரத்தில் போன் பண்ணியிருக்காவிட்டால் என்னாவது என்கிறார்கள். டீக்கடை அண்ணாச்சி கதையை வருகிறவர்களுக்கெல்லாம் டீயோடு சேர்த்துக் கொடுக்கிறார். ஓட்டத்தைச் சொல்லும்போது அவர் ஓட்டம் நாளுக்கு நாள் வேகமாகிறது. மாடத்தியின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

டாக்டர் என் உடம்பில் மருந்து இறங்கிவிட்டது என்கிறார். கை நடுக்கம் நின்றுவிட்டது. பார்வை தெளிந்துவிட்டது. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. இது மருந்து கொடுத்த பயம் இல்லை, என்னுடையது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். பாயசம் வைத்து மாடத்தி வீட்டுக்குக் கொண்டு போனேன். சொல்லிவிடத்தான் போனேன். பாயசத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

சார் போன் பண்ணினார். இவரைத் தவிர முழு விஷயமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நீங்களே நடந்ததைப் பயிற்சி நிறைவு விழாவில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், இப்படி இன்னொரு நர்சரியில் நடக்கக் கூடாது என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, அந்தக் குழந்தையின் அம்மாவுக்குத் தெரியுமல்லவா என்றார்.

தெரியும் சார் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

போனேன்.

மாடத்தி குட்டியை மடியில் போட்டு நெற்றிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பாட்டில் இல்லை, தண்ணீர். நான் கட்டிய தொட்டி. நான் கூட்டிய மருந்து. உள்ளே கட்டச் சொன்னதும் நான்தான். வெளியே கொண்டு போகாதே என்று சொன்னதும் நான்தான்.

அவள் பொட்டை வைத்து முடித்தாள். வெளியே யாரோ குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

“அன்னைக்கு டாக்டரம்மா கேட்டாகள்ல, அப்ப ஏன்க்கா சொல்லல?”

“பயந்துட்டேன் மாடத்தி.”

“பிள்ள அங்ஙன மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க எதுக்குப் பயந்தீங்க?”

எதுக்குப் பயந்தேன்? கேஸ் ஆகிவிடும் என்றா, கடை போய்விடும் என்றா, சான்றிதழ் போய்விடும் என்றா? மூன்றுக்கும்தான். அந்த நேரத்தில் குழந்தைக்கு மட்டும்தான் பயப்பட்டிருக்க வேண்டும்.

“போங்கக்கா” என்றாள். மரியாதையோடுதான் சொன்னாள்.

ஏப்ரல் 21, திங்கள்

மாடத்தி வேலைக்கு வரவில்லை. வருவாள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. சம்பளத்தை இவரிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாளாம், ஒன்றும் பேசவில்லையாம். போலீசுக்குப் போகிறாளோ என்று வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் எட்டிப் பார்க்கிறேன். போனால் அவள் பக்கம்தான் நியாயம் என்று தெரிகிறது, ஆனாலும் எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

தேர்வு.

படத்தை மாட்டினேன். தொட்டியை அழிக்காமல் அப்படியே வரைந்திருந்தேன், அதிலிருந்து மிஸ்ட் ரூமுக்குப் போகும் குழாயையும். மூன்று பேரில் நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இந்தக் குழாய் தவறல்லவா என்றார். தவறுதான் என்றேன். எப்படித் தெரியும் என்றார். சொன்னேன். தொட்டியில் ஆரம்பித்து ஆஸ்பத்திரிவரை நிற்காமல் சொன்னேன். மருந்து ஊற்றும் பாத்தித் தண்ணீரைத் தனியே பிரிப்பதையும், மிஸ்ட்டுக்கு நல்ல தண்ணீரை மட்டும் விடுவதையும், தூக்கம் போன இரவுகளில் யோசித்து வேறொரு அட்டையில் வரைந்து வைத்திருந்தேன். அதையும் காட்டினேன்.

தேறிவிட்டேன். சாயங்காலமே விழா. விழாவில் பேச மாட்டேன் என்று சாரிடம் சொன்னேன். பேச வேண்டும் என்றால் மாடத்தி சம்மதிக்க வேண்டும், அதை நான் போய்க் கேட்க முடியாது என்றேன். சார் வற்புறுத்தவில்லை. கோமதிநாயகம் அண்ணாச்சி புல்தரையைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கினார். சான்றிதழைப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். இவர் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

மே 2, வெள்ளி

வேருக்கு மருந்து ஊற்றவில்லை. மாவுப்பூச்சி வந்த செம்பருத்திகளைப் பிடுங்கி எரித்தேன். காலேஜ் வேலைக்கு மனுப் போட்டாயிற்று. பதில் வரவில்லை.

மே 5, திங்கள்

காலையில் மாடத்தி வந்தாள். இடுப்பில் குட்டி, தோளில் பை. பையில் தொட்டில் சேலை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தீப்பெட்டி ஆபீசில் வேலை கேட்டாளாம், கைக்குழந்தையோடு வேண்டாம் என்றுவிட்டார்களாம். “பிள்ளைக்குச் சோறு வேணும்ல” என்றாள். என்னை மன்னித்து வரவில்லை என்று அதற்கு அர்த்தம். எனக்கு விளங்கியது.

தொட்டித் தண்ணீர் இப்போது இல்லை, போர் தண்ணீர்தான், தாள்கூட மாற்றியாயிற்று, இனி மருந்தே ஊற்றுவதில்லை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

“நீங்க முதல்ல உள்ள போயி உக்காருங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

போய் உட்கார்ந்தேன். பழைய ஸ்டூல், பழைய இடம். மிஸ்ட் ஓடியது. முகம் நனைந்தது. நல்ல தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும், நானே குழாயைத் திருப்பியவள். இருந்தும் நெஞ்சு படபடவென்று அடித்தது, உள்ளங்கை வியர்த்தது, எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. இது பயமா, மருந்தா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அவள் வாசலுக்கு வெளியே, தாளைத் தாண்டி, குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

பிறகு குட்டியை வெளியே தரையில் உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே வந்தாள். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். போனில் டார்ச்சைப் போட்டு, டாக்டரம்மா செய்த மாதிரியே இமையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கண், பிறகு மற்றது. அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. ஒரு மாதத்தில் இளைத்துப் போயிருந்தாள்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டில் கட்டுகிற கம்பியை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

அவள் வெளியே போய்க் குழந்தையைத் தூக்கினாள். பையை எடுத்துக்கொண்டாள். பத்து மணிக்கே வெயில் தீயாகக் காய்ந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் இருக்கிற புளியமரத்தடிக்குப் போய், தாழ்ந்த கிளையில் சேலையைக் கட்டி, இழுத்துப் பார்த்து, அதில் குட்டியைப் போட்டாள். அனல் காற்றுக்கு ஒரு ஈரத்துணியை மேலே விரித்தாள். குழந்தை தூங்கும்வரை ஆட்டிவிட்டு, பிறகுதான் வேலைக்கு வந்தாள்.